முக்கால் கிலோ

தேயிலை எஸ்டேட்டின் கல்லோடை டிவிஷனில் ஜிஸ்மியை டிஜே என்று யாரும் கூப்பிடுவதில்லை. பாட்டுக்காரி என்பார்கள். வாரத்தில் ஆறு நாள் கத்திரி பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் கல்யாணத்துக்கோ, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கோ, கோயில் திருவிழாவுக்கோ பாட்டுப் போடப் போய்விடுவாள். முப்பத்தெட்டு வயது. மகள் நிமி பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். எஸ்டேட்டில் ஒரு பெண் டிஜே என்றதும் மூணாறுக்கு வரும் டூரிஸ்டுகள் வாயைப் பிளப்பார்கள். டிவிஷன் ஆட்களுக்கு அதில் ஒரு அதிசயமும் கிடையாது. பாட்டு நன்றாக இருக்கிறதா, ஆடக் கால் வருகிறதா, அவ்வளவுதான் அவர்கள் கேட்பது.

உள்ளதைச் சொன்னால், டிஜே ஆக ஆசைப்பட்டது அவள் புருஷன் அமிர்தநாதன்தான். ஜீப் டிரைவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தேனியிலிருந்து ஒரு பெரிய கன்ட்ரோலரை இரும்புப் பெட்டியோடு கொண்டுவந்து வீட்டில் இறக்கினான். கன்ட்ரோலர் என்பது லேப்டாப்பில் இருக்கும் பாட்டைக் கையால் ஆளுகிற ஒரு பலகை. இரண்டு வட்டத் தட்டும் நடுவில் வரிசையாகக் குமிழ்களும் இருக்கும். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை அதே தாளத்துக்கு இழுத்துவந்து சேர்ப்பதுதான் வித்தை. அந்த வித்தை மட்டும் அமிர்தநாதனுக்குக் கடைசிவரை வரவில்லை. ஒரு வாரம் வீடே ரணகளமாகக் கிடந்தது. எட்டாம் நாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த ஜிஸ்மி, "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பிறகு எழுந்திரிக்கவே இல்லை. தாளம் அவள் கையிலேயே இருந்தது. அவன் மைக்கை எடுத்துக்கொண்டான்.

மைக் அவனுக்கென்றே செய்த சாமான். கல்லோடையில் அந்தோணியார் திருவிழா அன்று மத்தியானம் அசனம் நடக்கும். லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், அப்படி ஏழு லயத்துச் சனங்களும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து அது. போன வருஷம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த லயத்துக்கு இந்த வருஷம் முதல் பந்தி என்பது வழக்கம். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ஒரு லயத்துக்காரரும் இலை முன்னால் உட்கார மாட்டார்கள். வயிறு ஒட்டிப்போனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், அதில் அவர்களுக்கு ஒரு கவுரவம். அமிர்தநாதன் கூப்பிடுகிற அழகே தனி. "நாலாம் லயம், அடுப்ப அணைச்சிட்டு வாங்க. சுவக்கீன் மாமா, பல்செட்ட மாட்டிட்டு வாங்க, இன்னைக்குக் கறி கொஞ்சம் முத்தல்." கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்து வரும். பேசுவதற்கு முன்னால் அவன் இடது கையை லேசாகத் தூக்குவான், ஜிஸ்மி பாட்டை அவன் குரலுக்கு அடியில் இறக்குவாள். கை இறங்கினால் பாட்டு ஏறும். பத்து வருஷத்தில் இதைப்பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

அந்தக் குரல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. தொண்டையில் ஒரு கட்டி. நரம்போடு ஒட்டியிருக்கிறது, எடுத்தால் குரல் முன்போல இருக்காது என்று கோட்டயத்து டாக்டர் முதலிலேயே சொல்லித்தான் எடுத்தார். உயிருக்குப் பயமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் அதிகம் வந்தது, அந்தக் காற்றுக்குள் எங்கேயோ கொஞ்சம் பேச்சு. பக்கத்தில் நின்றால் கேட்கும். இரண்டு எட்டுத் தள்ளிப் போனால் கேட்காது.

அதற்குப் பிறகு அமிர்தநாதன் பாட்டுப் போடும் இடத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பை டூரிஸ்டுகளுக்கு ஓட்டினான். டூரிஸ்டுக்கு டிரைவர் பேச வேண்டாம், வண்டி மேட்டில் ஏறினால் போதும். மைக்கை நிமியின் பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து ஜீப்பின் டேஷ்போர்டில் போட்டு மூடிவிட்டான். போன திருவிழாவில் கமிட்டிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். வரிசையை மறந்து ஆறாம் லயத்தை இரண்டு தரம் கூப்பிட்டார், இரண்டாம் லயத்தைக் கூப்பிடவே இல்லை. இரண்டாம் லயத்துக்காரர்கள் கையைக் கட்டியபடியே நின்றிருந்து, பிறகு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் அந்தப் பேச்சு ஆறு மாசம் ஓடியது.

ஜீப் வராமல் போனதும் ஜிஸ்மிக்குப் பெட்டி பெரும்பாடாகிவிட்டது. பதினாலு கிலோ. மற்றவர்களின் ஜீப்புக்குக் காத்துக் கிடக்க வேண்டும், அதற்குள் ஏற்ற ஆள் தேட வேண்டும். கத்திரி பிடித்துப் பிடித்து வலது தோள் ஏற்கெனவே போயிருந்தது. ஸ்பீக்கரும் ஆம்பும் எந்த ஊரிலும் கிடைக்கும், கோயிலிலேயே இருக்கும். சுமக்க வேண்டியது கன்ட்ரோலரும் லேப்டாப்பும்தான். கன்ட்ரோலர் மட்டும் பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று இருந்தால் பஸ் ஏறி எங்கேயும் தனியாகப் போய் வந்துவிடலாம்.

இதைச் சொன்னபோது அமிர்தநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான். "சின்னதாப் பாரு. கனம் கம்மியா. மைக்கெல்லாம் இனிமே எதுக்கு."

ஜிஸ்மியின் தங்கை சோனா கஞ்சிக்கோட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பக்கத்து வேலந்தாவளத்தில் குப்பண்ணன் கடை இருப்பதைச் சொன்னது. குப்பண்ணன் இருபது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர், இப்போது அந்த மாட்டுச் சந்தைக்கு எதிரிலேயே பழைய சவுண்டு சாமான் வாங்கி விற்கிறார். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஜிஸ்மி போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். சோனா முன்னாலேயே வந்து கடை வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்கம்மிணி. மூணாறுங்களா. உங்க ஊர்க் குளிரக் கொஞ்சம் பையில போட்டுக் கொண்டாந்திருக்கலாமுங்க" என்றார் குப்பண்ணன். பேசிக்கொண்டே ஆறேழு கன்ட்ரோலர்களை மேசையில் பரப்பினார். ஜிஸ்மி தான் கொண்டுபோயிருந்த பையை விரித்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தாள். நுழையாததை எல்லாம் பேச்சே இல்லாமல் ஒதுக்கினாள். தனியாகக் கரண்டு வயர் கேட்பதை ஒதுக்கினாள், எஸ்டேட்டில் கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம். லேப்டாப்பிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்வதாக இருக்க வேண்டும். நெட்டில் இருந்துதான் பாட்டு எடுப்பேன் என்று அடம்பிடிக்கிற ஒன்றும் போயிற்று. கல்லோடையில் சிக்னல் பிடிக்க நீர்த்தொட்டி மேல் ஏற வேண்டும். மிச்சம் நின்றதை மடியில் வைத்து இரண்டு தட்டையும் சுழற்றிப் பார்த்தாள். எல்லா ஊரிலும் மேசை கிடைக்காது, பாதி இடத்தில் மடிதான்.

கடைசியில் இரண்டு நின்றன. ஜிஸ்மி ஒன்றை எடுத்துத் தோளோடு அணைத்துத் தூக்கினாள். "ஒண்ணே கால் கிலோ." அடுத்ததைத் தூக்கினாள். "இது ரெண்டு."

குப்பண்ணன் சிரித்துக்கொண்டே தராசை எடுத்து வைத்தார். முதலாவது ஒண்ணே கால் கிலோவுக்கு இருபது கிராம் கூட. இரண்டாவது சரியாக இரண்டு. குப்பண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. இதில் வியக்க ஒன்றுமில்லை. கொழுந்து மூட்டையைச் சுமந்து எடைக்குக் கொண்டுபோகிறவள், கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு என்று எவ்வளவு கழிக்கப் போகிறார் என்பது முதற்கொண்டு கழுத்தாலேயே அறிந்துகொள்வாள். ஆனால் அங்கே கனம் கூடினால்தான் நல்லது. குறைந்ததைத் தேடி எடுப்பது ஜிஸ்மிக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"முன்னாலயே சொல்லிப்போடறனுங்க" என்றார் குப்பண்ணன். "லேசா இருக்குதே அதுல மைக் குத்த எடமில்லீங்க. இதுல இருக்குது, அதுக்குத் தனியாத் திருப்பறதுக்கு ஒரு நாப்பும் இருக்குதுங்க. ரெண்டுக்கும் அதுதான் வித்தியாசம். மைக் வேணும்னா ஸ்பீக்கர்லயே குத்திக்கலாமுங்க, அது வேற."

"அக்கா, முக்கால் கிலோதான" என்றாள் சோனா. "ஓட்ட இருந்தா இருந்துட்டுப் போகுது. அத்தான் எப்பவாவது வந்தா."

இருந்தால் என்ன ஆகும் என்று ஜிஸ்மிக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த ஓட்டை வெறுமனே இருக்கும். யாராவது ஒருத்தர் வந்து, அண்ணன் மைக் பிடிக்க வரலையா என்று கேட்பார். அந்தக் கேள்வி எப்படியாவது வீடு வந்து சேரும். இல்லாத இடத்தில் எவரும் கேட்க மாட்டார்கள். இது அவனுக்குச் செய்கிற உபகாரம் என்றே அவள் நினைத்தாள். "லேசானதே குடுங்கண்ணே. தோள் முடியல" என்றாள்.

குப்பண்ணன் கன்ட்ரோலரைப் பையில் வைத்துக் கட்டிவிட்டு, அதன் வயரை மட்டும் தனியாகச் சுருட்டித் துண்டின் நுனியில் வைத்து வலது கையால் நீட்டினார். "சந்தையில கயிறு கை மாறுனா மாடு உங்களுதுங்க. திரும்பி வராது. இங்கயும் அதே சட்டந்தானுங்க. இதுதான் கயிறு." ஜிஸ்மி வாங்கிக்கொண்டாள்.

சின்னாறு செக்போஸ்டில் ஃபாரஸ்ட் கார்டு பையைத் திறந்து பார்த்து, "இதெந்தா" என்றார். பாட்டுப் பெட்டி சார் என்றாள். அவர் ஒரு தட்டைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, சத்தம் வராததால் ஏமாந்து மூடினார்.

வீட்டில் அமிர்தநாதன் காத்திருந்தான். டீயைக்கூடக் குடிக்கவில்லை. புதுச் சாமான் என்றால் அவனுக்கு முன்பிருந்தே சின்னப்பிள்ளை மாதிரிதான். கன்ட்ரோலரை எடுத்து மேசையில் வைத்தான். தட்டைச் சுழற்றினான், குமிழைத் தொட்டான், தூக்கிப் பார்த்து நல்ல லேசு என்று தலையாட்டினான். பிறகு அதைத் திருப்பினான். ஆள்காட்டி விரல் பின்பக்க விளிம்போடு இடமிருந்து வலமாக மெல்லப் போனது. வயர் ஓட்டையைத் தாண்டியது, ஸ்பீக்கர் ஓட்டையைத் தாண்டியது, ஓரத்துக்குப் போய் நின்றது. விரல் மறுபடி திரும்பி வந்தது. முன்பக்கமும் ஒருமுறை தடவிப் பார்த்தது. அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நல்லாருக்கு புள்ள" என்றான்.

ஜிஸ்மிக்குப் பகீரென்றது. மைக் எதுக்கு என்று சொன்ன வாய்தானே இது என்று ஒரு கோபமும் வந்தது. சொன்னதையா பார்க்க வேண்டும், சொன்ன ஆளையல்லவா பார்த்திருக்க வேண்டும் என்று அந்தக் கோபம் உடனே தன் பக்கமே திரும்பிவிட்டது. மனுஷன் தானாக ஒதுங்கிப் போனான், சரி. கதவை அடைத்துத் தாழ் போட்டது தான்தான் என்று அவளுக்குப் பட்டது. அந்த வாரம் முழுவதும் மலையில் கத்திரி ஓடிக்கொண்டிருந்தது, கண் முன்னால் அந்த விரல் ஊர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், சோனாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவள் மறுபடி பஸ் ஏறினாள்.

குப்பண்ணன் பையைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டார். "அம்மிணி, கயிறு குடுத்தப்பவே சொன்னனுங்களே. மாட்டுல சுழி கிழி மறைக்கற மாதிரி ஏதாச்சும் மறைச்சுப் போட்டனுங்களா? மைக்குக்கு எடமில்லீன்னு வாய் தொறந்து சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்கண்ணே. நாந்தான் தெரிஞ்சே எடுத்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவர்களோடு அவருக்குப் பழக்கமுண்டு. தப்பு என் பேரில் என்று சொல்லிக்கொண்டு மூணாறிலிருந்து வந்து நிற்கிற ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஏனுங்க, அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

ஜிஸ்மி எல்லாவற்றையும் சொன்னாள். அசனத்தைச் சொன்னாள், கோட்டயத்தைச் சொன்னாள், விரலைச் சொன்னாள். "அவருக்குக் குரல் இல்லைங்கறது எனக்குத் தெரியும். ஆனா அந்த ஓட்ட இல்லாத பெட்டிய நான் மடியில வச்சிருந்தா, நீ வராதன்னு நானே அவர்கிட்ட சொல்லுற மாதிரி இருக்கு. எனக்கு அவர் பக்கத்துல வேணும்ணே. பேசாட்டியும் சரி, நிக்கணும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குப்பண்ணன் வெளியே சந்தைத் திடலைப் பார்த்தார். "ஸ்பீக்கர்ல குத்துனா ஆகாதுங்களா?"

"ஸ்பீக்கர் அங்கிட்டுத் தூணுல இருக்கும். அவரு குரல் ஒரு வார்த்தைக்குள்ளயே ஏறி எறங்குது. என் கைக்குப் பக்கத்துல இருந்தாத்தான் நான் பிடிச்சுக்க முடியும்."

"அதுஞ் சரிதானுங்க" என்றார். பிறகு எழுந்தார். "திருப்பி எடுக்கற பழக்கம் நம்மகிட்ட கெடையாதுங்க. சந்தை சட்டம் அது, உங்களுக்காவ மாத்த முடியாது. ஆனா மாட்டுக்கு மாடு மாத்திக்கிறது வேற யாவாரமுங்க. அதுக்குப் புதுசாக் கயிறு புடிக்கோணும். உங்க கயித்த மொதல்ல இப்படிக் குடுங்க."

ஜிஸ்மி பழைய வயரை நீட்டினாள். அவர் துண்டைப் போட்டு வாங்கிக்கொண்டார். உள்ளே போய், போன வாரம் மேசையில் இருந்த அந்த இரண்டு கிலோக் கன்ட்ரோலரை எடுத்து வந்தார். ஒரு மைக்கைக் குத்தி, குமிழைப் பாதிக்குத் திருப்பி, வாயருகே வைத்து, "மூணாறு" என்று மூச்சுவிடுவதுபோலச் சொன்னார். கடை முழுக்கக் கேட்டது. "பாதிலயே இம்புட்டுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி வயரைச் சுருட்டித் துண்டின் நுனியில் வைத்து நீட்டினார். மேற்கொண்டு போட வேண்டிய பணத்தை, ஜிஸ்மி வரச்சொல்லி வந்து சேர்ந்த சோனா போட்டாள், அந்தக் கணக்கு அக்கா தங்கைக்குள் உள்ளது.

சின்னாறில் அதே கார்டு. பையைத் திறந்தவர், உள்ளே பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, "கழிஞ்ச ஞாயறு வேற ஒண்ணாயிருந்நல்லோ" என்றார், போன ஞாயிறு வேறொன்று இருந்ததே என்று. மாற்றிவிட்டேன் சார், அதற்கு வாய் இல்லை என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தாள். இதற்காகத்தான் போனேன் என்று சொல்லவில்லை, விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் டீ போட நின்றுகொண்டு, கதவிடுக்கில் பார்த்தாள். அமிர்தநாதன் வந்தான். அதைத் தூக்கினான், கனம் கூடியிருப்பது அவனுக்கும் தெரிந்தது. திருப்பினான். விரல் விளிம்போடு போனது. வயர் ஓட்டை, ஸ்பீக்கர் ஓட்டை. அதற்கடுத்து நின்றது. அங்கேயே நின்றது.

"சோனாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"பரவால்ல" என்றாள் ஜிஸ்மி.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் அமிர்தநாதன் ஜீப்பை எடுத்தான், டூரிஸ்டுகளைச் சுற்றிக் காட்டினான், வந்தான், படுத்தான். ஜிஸ்மியும் வாயைத் திறக்கவில்லை. கமிட்டியில், அடிமாலியிலிருந்து ஒரு ஆளை மைக்குக்குக் கூப்பிடலாமா என்று பேச்சு வந்தபோது மட்டும், மைக் நம்மகிட்டயே இருக்கு என்று சொல்லிவைத்தாள். அவன் வராவிட்டால் இரண்டாம் லயம் இந்த வருஷமும் கஞ்சிதான் குடிக்கும், அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது.

திருவிழா அன்று பூசை முடிந்து, தேர் சுற்றி வந்து, கோயில் முற்றத்தில் இலை போட்டாயிற்று. ஏழு லயமும் கையைக் கட்டி நின்றது. மேசை கிடைக்காமல் ஜிஸ்மி ஒரு பெஞ்சில் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டிருந்தாள். பாட்டு முடியப்போனது, அடுத்ததைச் சேர்த்தாள். அதுவும் பாதி ஓடிவிட்டது. கமிட்டிக்காரர் இரண்டு தரம் வந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் ரோட்டைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ஜீப் சத்தம் கேட்டது. அமிர்தநாதன் வெள்ளைச் சட்டையில் இறங்கி வந்தான். கையில் நிமியின் காலுறை. கூட்டத்தைப் பார்க்காமல் நேரே வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மைக்கை உருவினான், வயரைப் பிடித்துப் பின்பக்கம் கொண்டுபோனான். பார்க்காமலே குத்தினான், இடம் விரலுக்குத் தெரிந்திருந்தது.

இடது கை லேசாக உயர்ந்தது.

ஜிஸ்மி பாட்டை இறக்கினாள். முன்பெல்லாம் இறக்குகிற அளவு போதாது என்று தெரிந்து, இன்னும் இறக்கினாள், பாட்டின் அடிச்சத்தத்தைத் தனியாக எடுத்தே விட்டாள். மைக் குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தாள்.

"ரெண்டாம் லயம்" என்றது காற்று. ஸ்பீக்கரில் முதலில் மூச்சுதான் வந்தது, பிறகுதான் சொல். "அடுப்ப அணைச்சிட்டு வாங்க."

முற்றத்தில் பேச்சு நின்றது. அழுதுகொண்டிருந்த குழந்தையை யாரோ தோளில் தட்டி அடக்கினார்கள். இரண்டாம் லயத்து முன்வரிசையில் நின்ற சுசீலாக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தரும் இலைக்குப் போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்கள். ஜிஸ்மி தன் முழங்காலை அமிர்தநாதனின் முழங்காலோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அப்போது பின்னால் நாலாம் லயத்துக் கூட்டத்திலிருந்து சுவக்கீன் கிழவர் குரல் கொடுத்தார். "எலே மாப்ள, கேக்கல. இன்னொருக்கா சொல்லு."

அமிர்தநாதன் அவளைப் பார்த்தான். ஜிஸ்மி குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மேலும் திருப்ப இடமிருந்தது.